அடுத்து எந்த பிளேனை சிம்ல கொண்டு வரணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளைட் சிம் (கம்ப்யூட்டர்ல நிஜ பிளேன் மாதிரியே ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டுற நாலு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா பேச்சு எங்க சுத்தினாலும் கடைசில "அடுத்து எந்த பிளேன் வரணும்"ங்கிறதுலதான் வந்து நிக்கும். டீக்கடை அரசியல் மாதிரிதான், யாரும் யாரையும் மாத்தினதா சரித்திரம் இல்ல, ஆனா விடவும் மாட்டோம். புதுசா வர்ற பசங்க ஒரே கேள்வியவே திருப்பித் திருப்பி கேக்குறதால எனக்கும் ஒரே பதில டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். ரிலீஸ் தேதி, யாரு ரகசியமா என்ன பண்றாங்க, அந்த கிசுகிசு எல்லாம் இதுல கிடையாது, அது வாரத்துக்கு ஒரு தடவ மாறும்.

சிமுக்கு பிளேன் பண்ற டெவலப்பருங்க ஏன் எல்லாரும் சுத்திச் சுத்தி 737, ஏ320 மட்டுமே பண்றாங்க?

விக்குது, அதான். பிஎம்டிஜிங்கிற கம்பெனியோட 737, ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனியோட ஏ320 ரெண்டுமே மைக்ரோசாஃப்ட் சிமுக்கு 2022 மே மாசம், ஒரே மாசத்துல வந்துச்சு, ரெண்டுமே பிச்சுக்கிட்டு போச்சு. ஆனா காசுங்கிற காரணத்தோட நம்ம வாழ்க்கையும் ஒரு காரணம். ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு சாப்ட்டு ஒம்போது மணிக்கு உக்காந்தா நமக்குக் கிடைக்கிறது ரெண்டு மணி நேரம். அதுல சென்னை-கொழும்பு, சென்னை-ஹைதராபாத் மாதிரி ஒன்னேகால் மணி நேர ஃப்ளைட்ட, இருட்டுல நிக்கிற பிளேன்ல பேட்டரி ஆன் பண்றதுல இருந்து கடைசில கேட்ல எஞ்சின் ஆஃப் பண்ற வரைக்கும் முழுசா முடிச்சிடலாம். 777ல லண்டன் போறேன்னு கிளம்பினா பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடணும், நாம தூங்கணும், காலைல அம்மா வந்து "ராத்திரி பூரா ஃபேன் ஓடுது, கரண்ட் பில்ல யாரு கட்டுறது"ன்னு ஸ்விட்ச அணைச்சு விட்டா கருங்கடல் மேல பிளேன் காணாமப் போயிடும். எனக்கு நடந்திருக்கு.

ஓட்டெடுப்பு வச்சா எது ஜெயிக்கும்?

787. எப்ப வச்சாலும் எங்க வச்சாலும் முதல் மூணுல 787 இருக்கும், கூடவே 757, அப்புறம் ஏ330 இல்லன்னா 767.

அப்ப நல்ல ஆழமான 787 பண்றதுக்கு என்ன கஷ்டம்? அதான் மைக்ரோசாஃப்டோட 2020 சிம்லயே இருக்கே?

இருக்கு. 2020 சிம்ல பெரிய எடிஷன் வாங்கினவங்களுக்கு 787-10 கூடவே வந்துச்சு, பாக்க அழகா இருக்கும், ஆனா பைலட் தலைக்கு மேல உள்ள ஓவர்ஹெட் பேனல்ல பாதி பட்டன் சும்மா அழகுக்கு. ஆர்வமுள்ள பசங்க அதுக்கு மேல மாட் பண்ணி, அதாவது தாங்களே மாத்தி எழுதி, எவ்வளவோ தேத்தினாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

கஷ்டம் எங்கன்னா, மத்த ஜெட்ல எஞ்சின்ல இருந்து சூடான காத்த உருவி அதுலதான் கேபின் பிரஷர், ஏசி, இறக்கைல ஐஸ் உருக்குறது, அடுத்த எஞ்சின ஸ்டார்ட் பண்றது எல்லாம் நடக்கும். 787ல அந்த வழிய ஏறக்குறைய மூடிட்டாங்க, எல்லாமே கரண்ட். எஞ்சினுக்கு ரெண்டு வீதம் நாலு ஜெனரேட்டர், ஒவ்வொண்ணும் 250 கேவிஏ, ஏபியுல (வால்ல இருக்கிற குட்டி துணை எஞ்சின்) இன்னும் ரெண்டு, ஒவ்வொண்ணும் 225 கேவிஏ. மொத்தம் 1450 கேவிஏ, நம்ம தெரு முனைல நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அஞ்சாறு சேர்ந்த மாதிரி! பிரேக் கூட எலெக்ட்ரிக். இதுல ஒரு ஜெனரேட்டர் போச்சுன்னா எந்த லோட முதல்ல கழட்டிவிடும், எது திரும்ப வரும், எது வராதுன்னு அந்த லாஜிக்க அப்படியே எழுதணும், அது ஒரு பேனல்ல பட்டன் அமுக்குற சமாச்சாரம் இல்ல. கூடவே ரெண்டு பைலட்டுக்கும் கண்ணுக்கு நேரா கண்ணாடி டிஸ்ப்ளே வேற.

என் கருத்து கேட்டா, 787 மெதுவா வரட்டும். அந்த பிளேன் இன்னும் முப்பது வருஷம் பறக்கும், அத ஓட்டுறவங்களும் ரிப்பேர் பாக்குறவங்களும் எங்கயும் போகப்போறதில்ல. அவசரம் வேற இடத்துல இருக்கு, கீழ சொல்றேன்.

"ஸ்டடி லெவல்"னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

நிஜ பைலட்டோட மேனுவல எடுத்து வச்சு படிச்சு, அதுல உள்ள நார்மல் வேலைகளும் கோளாறு வந்தா செய்ய வேண்டிய வேலைகளும் சிம்லயும் அதே மாதிரி நடந்தா அது ஸ்டடி லெவல். இப்ப விளம்பரத்துல எல்லாரும் போட்டுக்கிறாங்க, பிரியாணிக்கு "ஸ்பெஷல்"னு போடுற மாதிரி. என்னோட சோதனை எளிசு. ஏபியு ஓடும்போது பேட்டரிய ஆஃப் பண்ணிப் பாருங்க, ஒரு ஹைட்ராலிக் பம்ப நிறுத்திட்டு எது எது மெதுவாகுதுன்னு பாருங்க. ஒண்ணுமே ஆகலன்னா நீங்க வாங்கினது படம்.

ஒரு பிளேன் பண்ண டெவலப்பருக்கு என்னதான் வேணும்? 3டி மாடல் போட்டா போதாதா?

3டி மாடல் போடுறவங்க இப்ப நிறைய இருக்காங்க, அது பெரிய தடை இல்ல. தடை காகிதம். பைலட்டுக்கான மேனுவல் மட்டும் இருந்தா பட்டன அமுக்கினா என்ன ஆகும்னு தெரியும், ஏன் ஆகுதுன்னு தெரியாது. அதுக்கு மெயின்டனன்ஸ் மேனுவல் வேணும், வயரிங் படம் வேணும், எந்த சர்க்யூட் பிரேக்கர் எந்த பஸ்ல (கரண்ட பிரிச்சு விடுற லைன்) தொங்குதுன்னு தெரியணும். பிஎம்டிஜிங்கிற பேர்ல வர்ற "எம்"முக்கே அர்த்தம் மேனுவல்ஸ்தான், அவங்க ஆரம்பிச்சதே சிம் பிளேனுக்கு மேனுவல் போட்டுத்தான்.

காகிதத்துக்கு அடுத்து ஆளு. அந்த பிளேன ஓட்டின ரெண்டு பேர், ரிப்பேர் பாத்த ஒருத்தர். ஓட்டினவர் "இல்லப்பா, ஃப்ளாப் இறக்கினா மூக்கு இவ்ளோ தூக்காது"ன்னு சொல்லுவார், அது எந்த புக்லயும் இருக்காது. அப்புறம் நிஜ பிளேன் ஒண்ணு, உள்ள மைக் வச்சு ஒவ்வொரு ஸ்விட்ச் சத்தமும் எடுக்க. இந்த மூணும் எந்த பிளேனுக்கு சுலபமா கிடைக்குதோ அதான் அடுத்து வரும், நம்ம ஓட்டு அதுக்கு அப்புறந்தான்.

சீனாவோட சி919 வருமா? நான் ஆவலா இருக்கேன்.

2023 மே மாசம் சைனா ஈஸ்டர்ன் அத பயணிகளோட ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க, வெளிய உள்ள ஷேப்ப யார் வேணா செய்யலாம். ஆனா மேல சொன்ன காகிதமும் ஆளும் அந்த நாட்டுக்கு வெளிய கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கிடைக்காதத கற்பனையா நிரப்பி ஏ320 சிஸ்டத்த உள்ள சொருகிக் குடுப்பாங்க. அப்படி வந்தா நான் வாங்க மாட்டேன்.

737 மேக்ஸ்?

பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சது, 737 பண்ணவங்களுக்கு எஞ்சினும் நாலு பெரிய ஸ்க்ரீனும்தான் மாறும். எம்காஸ், அதாவது மூக்க தானா கீழ தள்ளுற சாஃப்ட்வேர், அத மட்டும் யாராவது ஒழுங்கா செஞ்சா நல்லது, 2018லயும் 2019லயும் ரெண்டு பிளேன் விழுந்து 346 பேர் செத்தது எப்படின்னு ஒரு சென்சார் கெட்டுப்போனா அந்த ட்ரிம் வீல் தானா சுத்துறத கண்ணால பாத்தாதான் புரியும். ஆனா அந்த ஃபெயிலியர வைக்க நிறைய டெவலப்பர் கூச்சப்படுவாங்கன்னு நினைக்கிறேன்.

ஏ380ய ஓசியில குடுத்தாங்களே, அது எப்படி முடிஞ்சுது?

ஃப்ளைபைவயர்னு ஒரு தன்னார்வ கோஷ்டி. 2020ல சிம் கூட வந்த ஏ320நியோவ சரிபண்றோம்னு ஆரம்பிச்சாங்க, கோட எல்லாம் திறந்தே வச்சாங்க, அதுல கத்துக்கிட்டத வச்சு ஏ380க்குத் தாவி 2024ல வெளிய விட்டாங்க. ஏர்பஸ்ல ஒரு குடும்ப சாயல் உண்டு, காக்பிட் பழக்கம், கணக்கு லாஜிக் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரும், ஆகையால ஏ320ல போட்ட உழைப்பு வீணாப் போகல. நிஜத்துல 251 பிளேன் மட்டும் கட்டி 2021 டிசம்பர்ல எமிரேட்ஸுக்கு கடைசி ஒண்ணக் குடுத்து கதைய முடிச்சுட்டாங்க. வியாபாரக் கணக்கு பாத்திருந்தா காசுக்கு விக்கிற கம்பெனி இத எப்பத் தொட்டிருப்பாங்களோ. சம்பளம் வாங்காம பண்றவனுக்குத்தான் "எனக்கு இது பிடிச்சிருக்கு"ங்கிற ஒரே காரணம் போதும்.

சரி, ரொம்ப இழுக்குறீங்க. உங்க ஓட்டு எதுக்கு?

லாக்ஹீட் ட்ரைஸ்டார். எல்-1011. 

அதுக்கு மூணு எஞ்சின்ங்கிறதோ, வாலுக்குள்ள எஸ் மாதிரி வளைஞ்ச குழாய் வழியா நடு எஞ்சினுக்கு காத்து போறதோ காரணம் இல்ல (அதுவும் அழகுதான்). காரணம் அது லேண்டிங்குக்கு வர்ற விதம். மத்த பிளேன்ல கொஞ்சம் உயரம் ஜாஸ்தியா இருந்தா மூக்க இறக்குவோம், கம்மியா இருந்தா தூக்குவோம், அப்ப ஸ்பீடும் கூடக்குறைய ஆடும். ட்ரைஸ்டார்ல ஃப்ளாப் முழுசா இறங்கினதும் இறக்கை மேல உள்ள ஸ்பாய்லர் பலகை கொஞ்சம் எழும்பி நடு நிலைல நிக்கும், நீங்க கன்ட்ரோல் கட்டைய இழுத்தா அது தாழும், தள்ளினா உயரும், மூக்கு ஏறக்குறைய அசையாமலே பிளேன் லிஃப்ட்ல போற மாதிரி ஏறும் இறங்கும். டைரக்ட் லிஃப்ட் கன்ட்ரோல்னு பேரு. வால்லயும், பின்னாடி உள்ள எலிவேட்டர் பலகை மட்டும் இல்ல, படுத்திருக்கிற வால் இறக்கையே மொத்தமா அசையும். 1970 நவம்பர்ல முதல் தடவ பறந்த பிளேனுங்க இது! மூடுபனில தானா இறங்குறதுல அந்தக் காலத்துல பேர் போனது. சாப்பாடு சூடு பண்ற கிச்சன் கீழ் தளத்துல, ட்ரேய மேல கொண்டு வர குட்டி லிஃப்ட் வேற.

இவ்வளவு நல்ல பிளேன் 250தான் வித்துச்சு. அதுக்கு எஞ்சின் செஞ்ச ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்பி211ல காசக் கொட்டி 1971 பிப்ரவரில திவாலாகி பிரிட்டன் அரசாங்கம் எடுத்துக்க வேண்டியதாப் போச்சு, அந்த இழுபறில டக்ளஸோட டிசி-10 முந்திக்கிச்சு. ஏர் லங்கால கட்டுநாயக்கால இருந்து ட்ரைஸ்டார்ல லண்டன் போன ஆட்கள் நம்ம சொந்தத்துலயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க, பிளேன் பேர் தெரியாது, "வால்ல ஒரு எஞ்சின் இருக்கும்"னு சொல்லுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிரிட்டிஷ் விமானப்படை 2014ல அவங்க ட்ரைஸ்டார்கள நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் மிச்சம் பேர் சொல்ல ஒண்ணு, ஸ்டார்கேஸர்னு, வயித்துல பெகாசஸ் ராக்கெட்ட தொங்கவிட்டு மேல கொண்டுபோய் விடுறதுக்கு வச்சிருந்தது. ட்ரைஸ்டார ஓட்டினவங்க, மூணாவது சீட்ல உக்காந்து எஞ்சின், ஃப்யூல் எல்லாம் பாத்துக்கிட்ட ஃப்ளைட் இன்ஜினியருங்க எல்லாருக்கும் வயசாயிட்டே போகுது. இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் ட்ரைஸ்டார் பண்ண உக்காந்தா மேனுவல் இருக்கும், சந்தேகம் கேக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். 787க்கு அந்தப் பிரச்சனையே இல்ல. நான் அவசரம்னு சொன்னது இதத்தான்.

மூணாவது சீட்ல யாரு உக்காருவா? நான் தனியா ஓட்டுறவன்.

நியாயமான கேள்வி. பழைய பிளேன் விக்காததுக்கு பாதி காரணமே இதான். ரெண்டு வழி இருக்கு. கம்ப்யூட்டரே இன்ஜினியரா நடிச்சு ஃப்யூல் பேலன்ஸ், பிரஷர் எல்லாம் பாத்துக்கிறது. இல்லன்னா நண்பன் ஒருத்தன நெட்ல கூப்ட்டு அவன அந்த சீட்ல உக்கார வைக்கிறது. எக்ஸ்-பிளேன்ங்கிற இன்னொரு சிம்ல ஃபெலிஸ்ங்கிற டெவலப்பரோட 747-200 ஓட்டிப் பாருங்க, அதுல ரூட்ட மொத்தமா போட்டு வைக்கிற எஃப்எம்எஸ் கம்ப்யூட்டர் கிடையாது, வழிகாட்டுற ஐஎன்எஸ் பெட்டில ஒம்போதே ஒம்போது புள்ளி, அட்சரேகை தீர்க்கரேகைய நம்பராக் குத்தணும், அரபிக்கடல் பாதில திரும்ப அடுத்த ஒம்போது குத்தணும். முதல் நாள் நான் ஒரு நம்பர மாத்திக் குத்தி மஸ்கட் போக வேண்டியவன் நேரா தெக்க போயிட்டிருந்தேன். அதுலதான் கிக்கே. 

கான்கார்டு?

வந்திருக்கு, பல தடவ, பல தரத்துல. ஒலி வேகத்த தாண்டும்போது பிளேன தூக்குற விசையோட மையம் பின்னாடி நகரும், அத சமாளிக்க எரிபொருள பின் டேங்குக்கு பம்ப் பண்ணி எடைய பின்னாடி தள்ளணும், திரும்ப வேகம் குறையும்போது முன்னாடி கொண்டு வரணும். இத செய்யாத கான்கார்டு மாடல் வாங்குறதுக்கு பேப்பர் ராக்கெட் விடலாம்.

நம்ம ஊர் ஆகாயத்துல பறந்த பிளேன்ல என்ன வரணும்?

மூணு சொல்றேன்.

ஒண்ணு, இந்தியன் ஏர்லைன்ஸோட ஏ320. "அதான் நாலு கம்பெனி ஏ320 பண்ணியிருக்கே"ன்னு கேப்பீங்க. 1989ல இங்க வந்ததுக்கு காலு வேற. உலகம் பூரா ஏ320க்கு மெயின் கியர்ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம், இதுக்கு நாலு, லாரி மாதிரி. நம்ம ஊர் ரன்வே சிலது எடை தாங்காதுன்னு பாரத்தப் பரப்ப அப்படிக் கேட்டு வாங்கினாங்க. ஏற்கனவே நல்ல ஏ320 வச்சிருக்கிற டெவலப்பருக்கு இது கியரும் பிரேக்கும் எடையும் மாத்துற வேலைதான், பண்ணா நான் முதல் ஆளா காசு குடுப்பேன். 

ரெண்டு, ஏ300. புதுசு இல்ல, அந்த பழைய பி2. 1976லயே இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கினது, உலகத்துல முதல் ரெண்டு எஞ்சின் அகல பிளேன், அதுலயும் மூணு பேர் காக்பிட். இப்ப சிம்ல கிடைக்கிற ஏ310, ஏ300-600 எல்லாம் ரெண்டு பேர் ஓட்டுற பிந்தைய தலைமுறை, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இல்ல இது.

மூணாவது அவ்ரோ 748. பிரிட்டிஷ் டிசைன், ஆனா கான்பூர்ல எச்ஏஎல் கட்டினது 89, அதுல முதல் பிளேன் 1961 நவம்பர்ல பறந்துச்சு. ரெண்டு டார்ட் எஞ்சின், அந்த கீச்சு சத்தம் ஒருதரம் கேட்டவங்க மறக்க மாட்டாங்க. ஏர் சிலோன் கூட அவ்ரோ வச்சு கொழும்பு பக்கத்து ரத்மலானைல இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு ஓட்டுச்சு. நம்ம விமானப்படை அவ்ரோவுக்கு பதிலா 56 சி-295 சரக்கு பிளேன் வாங்க 2021ல கையெழுத்துப் போட்டாச்சு, அதாவது அவ்ரோவ கையால தொட்டு வேலை பாத்தவங்க இன்னும் சர்வீஸ்லயும் புதுசா பென்ஷன்லயும் இருக்காங்க. ட்ரைஸ்டாருக்கு இல்லாத வசதி இதுக்கு இருக்கு.

சென்னை-யாழ்ப்பாணம், சென்னை-தூத்துக்குடி ஓட்ட ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வச்ச சின்ன பயணிகள் பிளேன்) போதாதா?

ஓட்ட தாராளமாப் போதும், 2023ல மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஏடிஆர் இருக்கு, காசுக்கு மேல வேலை செய்யுது. ஏபியு கிடையாது, வலது எஞ்சின ஓடவிட்டு அதோட ப்ரொப்பெல்லர மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி கரண்ட் எடுப்பாங்க, ஹோட்டல் மோடுன்னு சொல்லுவாங்க, அது வரைக்கும் இருக்கு. ஆனா இந்த மாதிரி ப்ரொப்பெல்லர் பிளேன்ல (டர்போப்ராப்) என் மனசு மெஜஸ்டிக்ங்கிற கம்பெனி பண்ணின க்யூ400 கிட்ட. 2013ல எஃப்எஸ்எக்ஸ்ங்கிற மைக்ரோசாஃப்டோட பழைய சிமுக்கு வந்தது, பறக்குற கணக்கையே சிம நம்பாம வெளிய தனியா போட்டாங்க. எல்லா சிமுக்கும் அந்த தரத்துல ஒரு க்யூ400 வேணும்.

எக்ஸ்பாக்ஸ்ல இதெல்லாம் வருமா?

சிலது வரும். ஃபீனிக்ஸ் மாதிரி சிஸ்டத்த சிமுக்கு வெளிய தனி ப்ரோக்ராமா ஓட்டுறது வராது, எக்ஸ்பாக்ஸ் அத அனுமதிக்காது.

முன்கூட்டியே காசு கட்டலாமா?

வேணாம். நான் ஒருதரம் ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் பாத்து ஒரு பிளேனுக்கு காசு கட்டினேன், பேர் வேணாம், வந்த அன்னிக்கு ஃப்ளைட் ப்ளான்ல ஒரு புள்ளி மாத்தினா மொத்த ஸ்க்ரீனும் கறுப்பாயிடும். எட்டு மாசம் கழிச்சு சரி பண்ணாங்க, அதுக்குள்ள நான் வேற பிளேன் கத்துக்கிட்டேன். ரிலீஸ் ஆகி ரெண்டு வாரம் பொறுங்க, பிளேன் ஓடியா போகப்போகுது.

டெவலப்பர்கிட்ட எப்படி கேக்குறது? "ப்ளீஸ் 757"னு போட்டா பாப்பாங்களா?

பாக்க மாட்டாங்க, அந்த மாதிரி ஆயிரம் வரும். என் அனுபவத்துல பதில் வந்தது ஒரே ஒரு தடவதான், அதுவும் கேட்டப்ப இல்ல, குடுத்தப்ப. பழைய மேனுவல் ஒண்ணோட சில பக்கத்த அவங்க காட்டின பேனல் படத்தோட வச்சு, இந்த ஸ்விட்ச் இந்த வருஷ மாடல்ல இங்க இருக்காதுன்னு எழுதினேன், அன்னிக்கு ராத்திரியே ரிப்ளை, அடுத்த படத்துல மாத்தியிருந்தாங்க. 

ஆகையால வீட்ல, சொந்தத்துல, தெருவுல யாராவது பழைய பிளேன்ல வேலை பாத்திருந்தா போய் உக்காந்து பேசுங்க, பரண்ல ட்ரங்குப் பெட்டி இருந்தா தொறந்து பாக்கச் சொல்லுங்க, அவங்க சம்மதிச்சா மட்டும் ஸ்கேன் பண்ணுங்க. என் ஃப்ரெண்டோட பெரியப்பா ஒருத்தர் தாம்பரத்துல அவ்ரோ எஞ்சின்ல வேலை பாத்தவர். வயசு எண்பத்தி ரெண்டு, காது மந்தம், ஆனா டார்ட் எஞ்சின் ஸ்டார்ட் ஆகுற சத்தத்த வாயாலயே பண்ணிக் காட்டுவார், எங்க ஆரம்பிச்சு எங்க ஏறி எந்த இடத்துல சரியா பத்திக்கிச்சுன்னு தெரியும்ங்கிற வரைக்கும். ஆறு நிமிஷ ஆடியோ என் போன்ல இருக்கு. யாராவது அவ்ரோ பண்றதா இருந்தா கேளுங்க, அனுப்பி வைக்கிறேன், பெரியப்பாகிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு.